பத்து டன் பாலமும் ஆர்லிஸ் குசெராவின் சிவப்பு அட்டையும்

ஆர்லிஸ் குசெரா முதன்முறையாக அந்த வண்டிக்கு அடியில் படுத்து ஒரு போல்ட்டைத் தளர்த்தியபோது, அவர் முகத்தில் மணல் கொட்டியது.

எங்கள் மார்லோ கவுண்டியின் மண் கறுப்பு. மழை பெய்தால் காலணியைப் பிடித்துக்கொண்டு விடாது. இந்த மணலோ வெளிறிய மஞ்சள், முகப்பவுடர் மாதிரி நைசு. ஆர்லிஸ் துப்பினார், கண்ணைக் கழுவினார், ஒரு காலி காபி டப்பாவை எடுத்து வந்து அந்த இடத்துக்குக் கீழே வைத்தார். சாயங்காலத்துக்குள் டப்பா பாதி நிறைந்துவிட்டது. மறுநாள் வேறொரு தகட்டைக் கழற்றினார். அதிலும் மணல். அந்த வருடம் முடிவதற்குள் பட்டறை அலமாரியில் பதினாலு டப்பாக்கள் வரிசையாக நின்றன.

இதில் மாயம் எதுவும் இல்லை. கண்ணிவெடியைத் தாங்குவதற்காக வண்டியின் வயிற்றை இரட்டைத் தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஈராக்கில் ஓடிய நாளில் இடுக்குகளில் புகுந்த மணல் அது. ராணுவம் வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு நமக்கு அனுப்பிவிட்டது. உள்ளே யார் திறந்து பார்த்தார்கள்? ஊரில் சிலர் பேய் வண்டி என்றார்கள். பேய் இருந்தால்கூடத் தேவலை என்று எனக்குப் பிறகு தோன்றியது. பேய்க்கு அரசாங்க உத்தரவு கிடையாது.

ஆர்லிஸ் சாலைத் துறைப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக். எண்பத்தைந்தில் நெப்ராஸ்கா முழுக்கப் பண்ணைகள் ஏலத்துக்குப் போனபோது அவர் அப்பாவின் பண்ணையும் போனது. டிராக்டரை ஏலத்தில் எடுத்தவரால் அதைக் கிளப்ப முடியவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, இருபத்தேழு வயது மகள் ஆர்லிஸ் போய்க் கிளப்பிக் கொடுத்தார். சாலைத் துறையின் மேலாளர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில், பனி தள்ளும் வண்டிக்கு அடியில் லெஸ்டர் என்ற சக மெக்கானிக் படுத்திருந்தார். அது தெரியாமல் யாரோ சாவியைத் திருப்பினார்கள். லெஸ்டரின் சவப்பெட்டியைச் சர்ச்சில் திறக்கவே இல்லை. அடுத்த வாரம் ஆர்லிஸ் ஒரு கட்டு சிவப்பு அட்டை வாங்கி வந்தார். வேலை நடக்கிற வண்டியின் ஸ்டியரிங்கில் மெக்கானிக் தன் பெயரை எழுதி ஒரு அட்டையை மாட்ட வேண்டும். மாட்டிய கைதான் அதை எடுக்க வேண்டும். வேறு யாரும், மேலாளரோ கவுண்டி மன்றத் தலைவரோ யாராக இருந்தாலும், தொடக்கூடாது. 

ஒருமுறை ஆர்லிஸுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. அன்று பார்த்து பனிப்புயல். ஓட வேண்டிய வண்டியில் அவருடைய அட்டை தொங்குகிறது. பட்டறைப் பையன்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், அவரைப் போர்வையில் சுற்றிச் சக்கர நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஆர்லிஸ் கையை நீட்டி அட்டையை எடுத்தார்.

"இதுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே 'எடுத்துக்கோங்கடா'ன்னு சொல்லியிருப்பேன்ல?"

"சொல்லியிருப்பீங்க. அப்புறம் குணமாகி வந்து தோலை உரிச்சிருப்பீங்க."

"அதுவும் சரிதான். தள்ளுங்கடா, குளிருது."

எங்கள் ஊரில் சட்டம் என்று ஒன்று உண்மையிலேயே மதிக்கப்பட்டது என்றால் அது அந்த அட்டைதான்.

வண்டி வந்த கதை எளிது. ராணுவத்துக்கு வேண்டாமல் போனதை உள்ளூர்ப் போலீசுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஏற்றி வரும் செலவு மட்டும் நம்முடையது. ஷெரிஃப் கிளின்ட் ராஸ்முசன் விண்ணப்பம் போட்டார். கவுண்டியின் மக்கள்தொகை ஆறாயிரத்து நானூறு. கடைசியாகக் கொலை நடந்தது எழுபத்தொன்பதில். வந்தது பதினெட்டு டன் கவச வண்டி. கூரையில் துப்பாக்கிக்காரன் நிற்க ஒரு ஓட்டை, கைப்பிடி அகலத்துக்குக் கண்ணாடி. துணை ஷெரிஃப்கள் அதற்குப் 'பாப்பா' என்று பெயர் வைத்தார்கள். ஆர்லிஸ் மட்டும் கடைசிவரை 'அது' என்றே சொன்னார்.

கவுண்டி மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசியதும் அவர் ஒருவர்தான்.

"கிளின்ட்டு, ஒண்ணு கேக்கறேன். நம்ம கவுண்டியில எத்தனை பாலம்?"

"ஏன் ஆர்லிஸ், நீங்கதானே எண்ணி வெச்சிருப்பீங்க."

"அறுபத்து மூணு. அதுல பதினெட்டு டன்னைத் தாங்கறது பத்தொம்பது. மிச்சத்துல அது ஏறுனா ஓடையிலதான் இறங்கும். யாரைக் காப்பாத்தப் போறே? பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்களை மட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷெரிஃபும் சிரித்தார். ஏழுக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

அந்தச் சிரிப்பில் ஒரு விதியை யாரும் கவனிக்கவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வண்டியைக் காவல் பணிக்குப் பயன்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் ஓட்டி, கூரை ஓட்டையிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் எறிந்ததைப் பயன்பாடு என்று எழுதி அனுப்பினார்கள். மேலிடம் ஏற்கவில்லை. அன்றிலிருந்து பட்டறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டப்பட்டது. துணை ஷெரிஃப் டாட் தினமும் காலையில் வந்து ஒரு எண்ணை அழித்து, ஒன்று குறைத்து எழுதிவிட்டுப் போவான். நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாலு. எதை எதிர்பார்த்து எண்ணுகிறோம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறாயிரத்து நானூறு பேரில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் அந்தக் கணக்கு முடிய வேண்டும். டாட் எழுதும்போது மெல்ல விசிலடிப்பான். நல்ல பையன். ஆர்லிஸ் வீட்டில் சுட்டுக் கொண்டுவரும் கொலாச்சி என்ற கசகசா பன்னில் இரண்டு அவனுக்கு.

ஆகஸ்டில் வெண்டல் மாரெக் பட்டறைக்கு வந்தான். நாற்பத்தொரு வயது. வடக்கே பதினாலு மைல் தள்ளித் தனியாகப் பண்ணை வைத்திருந்தான். கோடையில் சாலைத் துறைக்குச் சரளை சமன்படுத்தும் வண்டி ஓட்டுவான். ஈராக்கில் பதினெட்டு மாதம் இதே மாதிரி வண்டி ஓட்டியவன். அதைப் பற்றிப் பேசாதவன். அன்று வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாயேன்டா. கடிக்காது," என்றார் ஆர்லிஸ்.

வந்தான். பின்கதவைத் திறக்காமலே சொன்னான். "இடது பக்கம் மூணாவது சீட்டு. அடியில கை விட்டுப் பாருங்க. கோடு கோடா இருக்கும்."

ஆர்லிஸ் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். இருந்தது. ஆணியால் கீறிய சிறிய கோடுகள், ஐந்தைந்தாக.

"இதுதான் நீ ஓட்டுன வண்டியா?"

"இல்ல. எல்லா வண்டியிலயும் இருக்கும். அந்த சீட்டுல உக்காந்தா கை அங்கதான் போகும்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "ஆர்லிஸ், இந்த சத்தம் வந்துச்சுன்னா தெருவுல குழந்தைங்க இருக்காது. கோழிகூட இருக்காது. கதவெல்லாம் மூடியிருக்கும். ஆனா அத்தனை பேரும் நம்மளையே பார்க்கறாங்கன்னு தெரியும். இங்கயும் அப்படி ஆகும் பாருங்க."

"இங்கயா? இங்க இருக்கறவன் எல்லாம் ஜூலையில மிட்டாய் பொறுக்குனவன்தானே?"

வெண்டல் சிரிக்கவில்லை. கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பரில் பிரேக்கைச் சோதிக்க ஆர்லிஸ் அதை ஊருக்குள் ஓட்டிப் போனார். செவ்வாய்க்கிழமை மதியம், நல்ல வெயில். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே எந்த வண்டி வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்ப்பதில்லை. தூக்காதவன் வெளியூர்க்காரன். ஆர்லிஸும் பழக்கத்தில் விரலைத் தூக்கினார். முதல் பிக்கப் தூக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. தபால்காரர், அவரோடு பள்ளியில் படித்தவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நாலு அங்குலத் தடிமன் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார் என்று வெளியே தெரியாது. வெளியே இருப்பவர்களும் உள்ளே இருப்பவருக்குத் தண்ணீருக்குள் நிற்பவர்கள் போலத்தான் தெரிகிறார்கள். முகம் நெளிகிறது. கையில் இருப்பது குடையா வேறெதுவா என்று சொல்ல முடியாது. மெயின் தெருவில் முடிதிருத்தும் கடையின் திரை அசைந்தது. நூலக வாசலில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளை ஒரு கை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் கடைசிவரை விரலைத் தூக்கிக்கொண்டே போனார். 

"செத்தவ மாதிரி இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார். "எல்லாரையும் எனக்குத் தெரியுது. என்னை ஒருத்தருக்கும் தெரியல."

பட்டறைக்குத் திரும்பியதும் பின்பக்கப் பிரேக்கில் காற்று கசிவதைக் கண்டுபிடித்து, ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையை மாட்டினார். புதுப் பாகம் வர ஐந்து வாரம் ஆனது. பலகையில் எண் குறைந்துகொண்டே வந்தது. ஷெரிஃப் தினமும் எட்டிப் பார்த்தார்.

அக்டோபர் கடைசி வாரம். வியாழக்கிழமை காலை, மூடுபனி. பலகையில் பதினேழு. முந்தைய நாள்தான் பாகம் வந்து ஆர்லிஸ் பொருத்தியிருந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி. அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. டாட் வேகமாக உள்ளே வந்தான்.

"ஆர்லிஸ், பாப்பா ரெடியா? வெண்டல் மாரெக்கோட அக்கா ஒமஹாவுல இருந்து போன் பண்ணாங்க. மூணு நாளா அவன் போன் எடுக்கலையாம். போய்ப் பார்க்கச் சொன்னாங்க."

"அதுக்கு இது எதுக்குடா? உன் கார்ல போ. கதவைத் தட்டு. காபி குடுப்பான்."

"ராணுவத்துல இருந்தவன். வீட்டுல நாலு துப்பாக்கி இருக்கு. ஷெரிஃப் முடிவு பண்ணிட்டாரு."

"துப்பாக்கி என் வீட்டுல ஆறு இருக்கு. உங்க அம்மா வீட்டுல எத்தனை?"

டாட் தன்னை அறியாமல் சுவரைப் பார்த்தான். பலகையில் பதினேழு. ஆர்லிஸும் பார்த்தார். இந்தச் சத்தம் வாசலில் வந்து நின்றால் வெண்டல் என்ன செய்வான், அவன் அசைவதைக் கண்ணாடி வழியே பார்ப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அட்டையைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னார்.

"பிரேக் இன்னும் சரியாகல. அட்டை தொங்குது பார். இது நகராது."

கைதுடைக்கும் துணியை எறிந்துவிட்டுத் தன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினார். அட்டை இருக்கும்வரை வண்டி நகராது என்று முழுதாக நம்பினார். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

ஷெரிஃப் வந்து கத்தரிக்கோலால் அட்டையின் கம்பியை வெட்டினார்.

வெண்டலின் பண்ணைக்குப் போகிற வழியில் ஒரு ஓடை. அதன்மேல் மரப்பாலம், பத்து டன் எல்லை என்று பலகை வைத்தது. அங்கிருந்து வீடு அரை மைல். ஆர்லிஸ் போனபோது நாய் குரைத்துக்கொண்டே அவரைத் தகரத் தானியக் குதிருக்குப் பின்னால் கூட்டிப்போனது. வெண்டல் அங்கே கிடந்தான். குதிரின் ஏணியிலிருந்து விழுந்து மூன்று நாள். இடுப்புக்குக் கீழே கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது. நாயின் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பிடித்துக் குடித்து உயிரோடு இருந்தான். உடம்பு கொதித்தது. ஆர்லிஸ் வீட்டுக்குள் ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

எங்கள் ஆம்புலன்ஸில் தொண்டர்கள்தான் போவோம். அன்று என் முறை. பதினாறு நிமிடத்தில் ஓடைக்கு வந்துவிட்டோம். பாலத்துக்கு முன்னால் மூடுபனியில் அது நின்றுகொண்டிருந்தது, சாலையின் முழு அகலத்துக்கு. பாலத்தின்மேல் ஏற முடியாது. சரளைச் சாலையில் திரும்பவும் முடியாது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களால் அதைச் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை.

நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் தட்டினேன். ஷெரிஃப் ஒரு விரற்கடை திறந்தார்.

"கிளின்ட், ஆர்லிஸ் போன் பண்ணினாங்க. அவன் விழுந்து கிடக்கான். வண்டியைப் பின்னால எடுங்க, நாங்க போறோம்."

"இடம் பாதுகாப்பானதுன்னு உறுதியாகற வரைக்கும் ஆம்புலன்ஸ் போகக்கூடாது. விதி."

"அவனுக்குக் கால் ஒடிஞ்சிருக்கு!"

"அப்படின்னு அவங்க சொல்றாங்க. துப்பாக்கி முனையில சொல்ல வெச்சிருக்கலாம்."

"சரி, நடந்தே போறேன்."

"ஒரு அடி வெச்சீங்கன்னா கைது பண்ணுவேன்."

இதைச் சொன்னவர் போன வருடம் என் மகளின் கல்யாணத்தில் ஆடியவர். கதவு மூடிக்கொண்டது. நான் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. நின்றேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நடந்ததை ஆர்லிஸ் பிற்பாடு சொன்னார். மூடுபனியில் எஞ்சின் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் நாலு பக்கமும் கேட்டதாம். வெண்டல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "வந்துட்டாங்க. குழந்தைங்களை உள்ள கூப்பிடுங்க. யாரும் பேசாதீங்க. ஜன்னல் பக்கம் போகாதீங்க." அங்கே குழந்தைகள் யாரும் இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறினால் அப்படித்தான் பேசுவார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வண்டியை ஓட்டியவன் அன்று வீட்டுக்குள் ஒளிந்துகொண்டவர்களில் ஒருவனாகப் பேசிக்கொண்டிருந்தான். ஆர்லிஸும் தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கூப்பிட்டுட்டேன். எல்லாரும் உள்ளதான் இருக்காங்க," என்றார்.

அரை மணி நேரம் காத்திருந்தார். யாரும் வரவில்லை. கொட்டகைக் கதவு ஒன்றைக் கழற்றி அவனை அதில் நகர்த்தி, மண்வெட்டிக் கைப்பிடியைக் காலோடு சேர்த்துக் கட்டி, சாய்பலகை வைத்துப் பிக்கப்பின் பின்னால் இழுத்து ஏற்றினார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, தனி ஆளாக.

மூடுபனிக்குள்ளிருந்து அந்தப் பிக்கப் பாலத்தின்மேல் மெதுவாக வந்ததை நான் பார்த்தேன். ஒலிபெருக்கி கத்தியது.

"வண்டியை நிறுத்து! ஓட்டுபவர் கைகளை வெளியே காட்டு!"

டாட்டின் குரல். பிக்கப்பின் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. எனக்குத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது என்பது ஆர்லிஸுக்கே தெரியும். ஆனாலும் தூக்கினார்.

"கைகளை வெளியே காட்டு! பின்னால் படுத்திருப்பவன் ஆயுதத்தைக் கீழே போடு!"

"டாட், நான்தான்டா! அது மண்வெட்டிக் கட்டைடா!"

"ஓட்டுபவர் இறங்கி முட்டி போடு!"

ஒருமுறைகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. கூரை ஓட்டையில் ஹெல்மெட் போட்ட ஒரு தலை முளைத்தது. எங்களில் யாருடைய முகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆர்லிஸ் இறங்கினார், கைகளை உயர்த்தி மரப்பலகையில் முட்டி போட்டார். நான் கத்தினேன், எங்கள் ஓட்டுநரும் கத்தினார். அந்த எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இருபது நிமிடம். பாலத்தின் ஒரு முனையில் அவர் முட்டி போட்டிருக்க, பின்னால் வெண்டல் யாரையோ உள்ளே வரச்சொல்லி முனகிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அது உறுமிக்கொண்டே நின்றது. கடைசியில் நாலு பேர் இறங்கி, துப்பாக்கியை நீட்டியபடி பாலத்தின்மேல் நடந்தார்கள். பிக்கப்பை எட்டிப் பார்த்த டாட் ஹெல்மெட்டைக் கழற்றி ஓடையில் எறிந்தான்.

வெண்டல் சனிக்கிழமை ஒமஹா ஆஸ்பத்திரியில் செத்தான். அந்த ஐம்பது நிமிடம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று மருத்துவரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். எனக்கு அது போதவில்லை.

மேலிடத்துக்குப் போன படிவத்தை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பயன்பாடு: ஒரு முறை. நோக்கம்: ஆயுதமுள்ள நபரின் நலம் அறிதல். சம்பவ இடத்தில் உயிரிழப்பு: இல்லை. ஒமஹா சம்பவ இடத்தில் சேராது. வண்டி எங்களுக்கே நிரந்தரமாகிவிட்டது. டாட் எழுதிவந்த பலகையை யாரோ கழற்றிவிட்டார்கள். டாட் வேலையை விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை ஆர்லிஸ் பட்டறைக்கு வந்தார். தரையில் கிடந்த தன் அட்டையை எடுத்தார், புதுக் கம்பி கோத்து ஸ்டியரிங்கில் திரும்ப மாட்டினார். மேலாளரிடம் போய் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் வெளியே வருவதற்குள் சாலைத் துறையின் மற்ற ஆறு பேரும் தங்கள் பெயரில் ஒவ்வொரு அட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. 

ஷெரிஃப் கத்தரிக்கோலோடு வந்தார். ஆறு பேரில் மூத்தவர், பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர், வழிவிட்டு நின்றுகொண்டு சொன்னார். 

"வெட்டுங்க கிளின்ட். ஆனா ஒண்ணு. அட்டைக்கு மதிப்பில்லாத பட்டறையில நாங்க எதுக்கு அடியிலயும் படுக்க மாட்டோம். உங்க ரோந்துக் காருக்கு அடியிலயும் சரி, பனி வண்டிக்கு அடியிலயும் சரி. நவம்பர் வந்தாச்சு."

கத்தரிக்கோல் பாக்கெட்டுக்குள் போனது. அடுத்த தேர்தலில் ராஸ்முசன் எதிர்ப்பில்லாமல் மறுபடியும் ஜெயித்தார். அதையும் சொல்லியாக வேண்டும்.

இது நடந்து பத்து வருடம் ஆகிறது. மற்ற ஆறு பேரில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் அட்டையை எடுக்க இனி எந்தக் கையும் இல்லை. வண்டி நகரவே இல்லை. டயர்கள் தரையோடு தட்டையாகிவிட்டன. இருந்தும் வாரத்துக்கு ஒருமுறை அதன் கீழே மஞ்சள் மணலைப் பெருக்கிப் போட வேண்டியிருக்கிறதாம், பட்டறையில் சொன்னார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் தகடு விரிந்து சுருங்குகிறது, எலி ஓடுகிறது, வேறொன்றும் இல்லை.

கவுண்டி மன்றம் ஆர்லிஸுக்கு மூன்று கடிதம் அனுப்பியது, வந்து அட்டையை எடுத்துக்கொடுக்கும்படி. மூன்றும் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கின்றன. போன வாரம் கொலாச்சி சாப்பிடப் போயிருந்தபோது கேட்டேன்.

"எப்ப போவீங்க?"

"பிரேக் இன்னும் சரியாகல," என்றார்.